ஒரு வாக்கும் விழாத கோரிக்கை

கடகடவென்று ஒரு சத்தம். தடித்த அட்டைத் துண்டுகள் ஒன்றோடொன்று உரசி, மேசையில் சிதறி விழுகிற சத்தம்.

மூன்று கிழமைக்கு முன் விபோர்க் நகரில், யூட் அண்ணையின் சாப்பாட்டு மேசையில் கேட்டேன். பழைய ரயில் விளையாட்டுப் பெட்டியைத் திறந்திருந்தார். அட்டை ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுத் தண்டவாளம். அடுக்கிப் பாதை போடவேண்டும், கம்பனி தொடங்கவேண்டும், அடுத்தவரின் கம்பனியைச் சிரித்துக்கொண்டே கவிழ்க்கவேண்டும். ஒரே ஊரில் இருந்தபோது நாங்கள் ஆடிய எத்தனை சனிக்கிழமைகள்! எல்லாம் அந்தச் சத்தத்தோடு திரும்பி வந்தன.

ஆனால் அட்டைகளை அவர் கொட்டவில்லை. அவை விழுந்தன. அவருடைய வலது கை நடுங்கிக்கொண்டிருந்தது.

"எவ்வளவு நாளா அண்ணை?"

"ஒரு வருசம் இருக்கும். மருந்து எடுக்கிறன்." பிறகு, குனிந்து அட்டைகளைப் பொறுக்கியபடி, "கை விசயம் ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ தங்கச்சி" என்றார்.

எனக்கு உடனே ஒரு பழைய ஆட்டம் ஞாபகம் வந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

வேலை ஆளுக்கொரு ஊராக எங்களைப் பிரித்த பிறகு, அந்த விளையாட்டைக் கணினிக்கு மாற்றினோம். மென்பொருளை நாங்களேதான் கட்டுகிறோம் – சம்பளமில்லை. நிரல் எழுதுவது புரொண்பியில் இருக்கும் நிர்மலா. ஞாயிறு பூசை முடிந்து வந்து இரண்டு மணிநேரம், அவ்வளவுதான் அவளிடம் இருக்கிறது. வரைபடங்கள் வரைவது ஹொல்ஸ்டெப்ரோவில் ஓய்வுபெற்று இருக்கும் ஹென்றிக். நான்? நிரலில் ஒரு வரி தெரியாது. விளையாடுகிறவர்கள் கேட்கும் புதிய வசதிகளைப் பட்டியலிட்டு, எது முதலில் என்று வரிசைப்படுத்துவது என் பொறுப்பு.

விதி சுலபமானது. எதற்கு வாக்கு அதிகமோ, அது முதலில். குடியிருப்பின் சலவை அறைக்கு எப்போது பூட்டுப் போடுவது என்பதையே கை உயர்த்தி முடிவுசெய்கிற நாட்டில், வேறெந்த விதி தோன்றும்?

அந்தப் பட்டியலின் அடியில் ஒரு வரி கிடந்தது. 'தண்டவாளத்தை வைக்கும் முன், இங்கேதானா என்று திரை ஒருமுறை கேட்கவேண்டும்.' யூட் அண்ணை தொலைபேசியில் சொல்லி, நான் எழுதியது. வாக்குகள்: பூச்சியம். விரல் நடுங்காதவருக்கு அது எதற்கு?

போன மாரிக் குளிரில் ஐந்து கிழமையாக நடந்த ஓர் ஆட்டம். அவர் அழுத்தியது பக்கத்துக் கட்டத்தில் விழுந்தது. தண்டவாளம் கடலில் போய் முடிந்தது. கம்பனி திவால். 'அண்ணை கடலுக்குள்ள ரயில் விடுறார்' என்று அரட்டைப் பெட்டியில் யாரோ எழுத, எல்லோரும் சிரித்தோம். யாரோ என்ன... நான்தான் எழுதினேன். 'ஓம், என்ர பிழைதான்' என்று பதில் போட்டார். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. கேட்டால், "வேலை கூட" என்பார். நம்பினேன்.

வாக்குப் போடுகிறவர்கள் யார்? விளையாடுகிறவர்கள். விளையாட முடியாமல் எழுந்து போனவரின் வாக்கு எங்கே விழும்? பட்டியல் பொய் சொல்லவில்லை. இருப்பவர்களிடம் மட்டும் கேட்டது... அவ்வளவுதான்.

விபோர்க்கிலிருந்து திரும்பிய அன்றே நிர்மலாவை அழைத்து, பட்டியலின் அடியில் கிடந்த அந்த வரியை முதலில் செய்யச் சொன்னேன்.

"அக்கா, புது யூலாந்து வரைபடத்துக்கு எத்தினை பேர் காத்துக்கொண்டிருக்கினம் எண்டு தெரியும்தானே? இதுக்கு ஒருத்தரும் வாக்குப் போடேல்லையே. ஏன் இப்ப?"

"சொல்ல ஏலாது."

"காரணம் சொல்லாமல் என்ர ரெண்டு ஞாயிறைக் கேக்கிறீங்கள்."

"ஓம்."

"எனக்குப் பிரச்சினையில்லை. ஹென்றிக்குக்கு ஆர் சொல்லுறது? மாரி முழுக்க இருந்து வரைபடம் கீறினவர். நீங்களே கதையுங்கோ."

அதுதான் பயம். தொண்டு வேலையில் ஒருவரைப் பிடித்து வைத்திருக்கும் கயிறு, தன் வேலையை நாலு பேர் பார்ப்பார்கள் என்பது மட்டுமே. அதை அறுத்தால் மனிதர் போய்விடுவார். இந்த நாட்டின் யூலாந்துப் பகுதி முழுவதையும் வளைவு வளைவாக வரைந்தவரிடம், பொறுங்கள் என்று எப்படிச் சொல்வது?

சொன்னேன். மறுமுனையில் கோப்பை ஒன்றை வைக்கும் ஓசை.

"வாக்கில்லை என்கிறாய். காரணமும் இல்லை என்கிறாய்" – டேனிஷில், ஒவ்வொரு சொல்லாக.

"காரணம் இருக்கிறது. என்னுடையதில்லை, அதனால் சொல்ல முடியாது."

"யாருக்கு என்று நான் கேட்கவில்லை" என்றார். "யூலாந்து எங்கேயும் ஓடிப்போகாது. ஆட்டத்தை விட்டுப் போன ஆள் திரும்பி வருவாரா?"

அன்றிரவே அந்த வரியைப் பட்டியலின் தலைக்கு நகர்த்தினேன்.

போன சனிக்கிழமை மடிக்கணினியோடு மறுபடி விபோர்க். யூட் அண்ணையின் விரல் நடுங்கியது, தப்பான கட்டத்தில் விழுந்தது. திரை கேட்டது: 'இங்கேதானா?' இல்லை என்று அழுத்தினார். இரண்டாம் முறையும் இல்லை. மூன்றாம் முறை, விரலை அப்படியே வைத்துக்கொண்டு, திரையை வெகுநேரம் பார்த்தார்.

ஓம்.

தண்டவாளம் சரியாக என் பாதையை மறித்துக்கொண்டு கிடந்தது. "இனி நீங்கள் சுத்தித்தான் போகோணும்" என்றார். ஒரு மணிநேரத்தில் என் கம்பனி கவிழ்ந்தது. இவ்வளவு சந்தோசமாக நான் தோற்றதில்லை.

வாசலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டே, இனி வருவாரா என்று நேரே கேட்கத் தயங்கினேன். அவரே கதவைப் பிடித்தபடி சொன்னார்:

"செவ்வாய்க்கிழமை ஆட்டத்துக்கு வாறன். கை விசயத்தை எல்லாருக்கும் நானே சொல்லுறன் தங்கச்சி. அதுக்குப் பிறகு இந்தக் கதையை நீங்கள் எழுதுங்கோ."