வலப்பக்கம் ஓடிய கார்

எழுபதுகளின் கடைசியில், கல்முனையில் எங்கள் தெருவிலிருந்து வெளிநாடு போனவர்கள் இரண்டு மூன்று பேர்தான். அவர்களில் என் கணவரும் ஒருவர். சவூதியில் ஒரு பெரிய வீட்டில் டிரைவராக இருப்பதாகச் சொல்லியனுப்பியிருந்தார். அதை நான் தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தேன்.

இரண்டு வருடம் கழித்து விடுமுறையில் வந்தவர், முதல் கிழமை ஏழு நாளும் வீட்டோடு இருந்தார். பிறகு காலைத் தேத்தண்ணீர் குடித்ததும் வெளிக்கிட ஆரம்பித்தார். கேட்டால், வரிப்பத்தான்சேனையில் வயல் பார்க்கப் போவதாகச் சொன்னார். அங்கே எங்களுக்குக் கொஞ்சம் வயல் இருந்தது உண்மைதான். ஆனால் அறுவடை முடிந்து மாடு மேய்கிற காலம். வெட்டிய வயலில் தினமும் போய்ப் பார்க்க என்ன இருக்கிறது?

அவருடைய காற்சட்டையைத் துவைக்க எடுத்தபோது மடிப்பிலிருந்து மணல் கொட்டியது. வயல் மண் என்றால் எனக்குத் தெரியாதா? இது சிப்பித் துண்டு கலந்த வெள்ளை மணல். வரிப்பத்தான்சேனையில் கடல் இல்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் இன்னொரு பொய்தான் வரும் என்று நினைத்தேன்.

மறு கிழமை, அலுமாரியில் வைத்திருந்த சிவப்புத் துணியைக் காணவில்லை. சட்டை தைக்க நான் எடுத்து வைத்த துணி. வீட்டில் வேறு யாரும் அலுமாரியைத் திறப்பதில்லை. அவரிடம் கேட்டேன். எலி இழுத்திருக்கும் என்றார். எலி இழுத்தால் துண்டு துணுக்காவது கிடக்காதா? அந்தத் துணி இப்போது எந்தப் பெண்ணின் உடம்பில் இருக்கிறது என்ற யோசனையில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பக்கத்து வீட்டில் இருந்த, எனக்கு மூத்தவளான ராத்தாவிடம் மட்டும் சொன்னேன். அவள் இரண்டு நாள் விசாரித்துவிட்டு வந்தாள். பஸாரில் வாடகைக்கு ஹயர் ஓடுகிற அவருடைய கூட்டாளியின் பழைய காரில் இருவரும் தினமும் ஒலுவில் கடற்கரைப் பக்கம் போகிறார்கள் என்றாள். அங்கே எங்களுக்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை.

"நீ அழுதுகிட்டு இருக்காத. நாளைக்கு நாமளும் போவம்," என்றாள் ராத்தா.

மறுநாள் அவர் போனதும் முக்காட்டை இறுக்கிக்கொண்டு இருவரும் பஸ் ஏறினோம். ஒலுவிலில் இறங்கி, கடற்கரைப் பக்கம் கார் போனதா என்று ஒரு கடையில் கேட்டோம். கடைக்காரர் எங்களை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுக் கையைக் காட்டினார். தென்னந்தோப்பைத் தாண்டியதும் கார் தெரிந்தது. பெண் யாரும் இல்லை.

இறுகிய மணல் வெளியில் தென்னங்குற்றிகளை வட்டமாக நட்டு வைத்திருந்தார்கள். அதைச் சுற்றி அந்தக் கார் ஊர்ந்துகொண்டிருந்தது. ஸ்டியரிங் கூட்டாளியின் கையில். என் கணவர் இடது பக்கத்து ஆசனத்தில் இருந்துகொண்டு வலது கையால் கியர் மாற்றினார். கொஞ்சம் தள்ளி மணலில் மூன்று தடிகளை முக்கோணமாகக் கட்டி நிறுத்தியிருந்தார்கள். அதில் சுற்றியிருந்தது என்னுடைய சிவப்புத் துணி.

எங்களைக் கண்டதும் கார் நின்றது. அவர் இறங்கி வந்தார். சவூதியில் எல்லாம் இங்கத்தையதற்கு மாறி, ஸ்டியரிங் இடது பக்கம், வண்டி ஓடுவது வலது பக்கம், அதைத்தான் பழகுவதாகச் சொன்னார். வழியில் கார் நின்றுவிட்டால் பின்னால் சிவப்பு முக்கோணம் வைக்க வேண்டுமாம். எனக்கு நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது. இறங்கிய அதே கணத்தில் வேறொரு சந்தேகம் ஏறியது.

"ரெண்டு வருசமா அங்க கார் ஓடுற ஆளுக்கு, இஞ்ச வந்து பழக என்ன இரிக்கி?" என்று கேட்டேன்.

அவர் கடலைப் பார்த்தார். கூட்டாளி காருக்குள்ளேயே குனிந்து எதையோ தேடுவது போல இருந்தான்.

"நான் அங்க கார் ஓடல்ல புள்ள. கார் கழுவுறன்."

ராத்தா தோப்புப் பக்கம் நடந்தாள். நான் தெருவில் ஒவ்வொருவரிடமும் சொன்ன பெருமைகள் காதுக்குள் திரும்பக் கேட்டன. கோபத்தை விட வெட்கம்தான் அதிகம்.

பிறகு அவர் மெதுவாகச் சொன்னார். அந்த வீட்டு டிரைவர் தன் நாட்டுக்குத் திரும்பப் போகிறாராம். அங்கத்தைய லைசன் எடுத்தால் சாவியைத் தருவதாக முதலாளி சொல்லியிருக்கிறாராம். ஊரில் இவர் ஓட்டியதெல்லாம் உழவு மெஷின்தான். அங்கே சிவப்பு விளக்கு எரிந்தால், தெருவில் ஒரு ஆடுகூட இல்லாவிட்டாலும் நிற்க வேண்டும். சுற்றுவட்டத்தில் இடப்பக்கம் இருந்து வருகிறவனுக்கு வழிவிட வேண்டும். பாலைவனத்து வழியில் போவதற்கு முன் எண்ணெய், தண்ணீர், மேலதிக டயர் எல்லாம் பார்க்க வேண்டும். இடையில் நின்றால் கேட்க ஆள் இல்லை.

இதில் எது உண்மை, எது சமாளிப்பு என்று எனக்கு விளங்கவில்லை. பின் ஆசனத்தில் ஏறி இருந்தேன். ஓடிக் காட்டச் சொன்னேன். சுற்றுவட்டமாக நட்ட குற்றிகளின் கிட்டப் போகும்போதெல்லாம் இவர் இடப்பக்கம் பார்க்கச் சொல்வார். கூட்டாளி பழக்கத்தில் வலப்பக்கம் பார்ப்பான். கரைவலை இழுத்தவர்கள் வலையைப் பிடித்தபடி எங்களையே பார்த்தார்கள். ஒரு பொய்க்கு ஒருவர் இவ்வளவு மெனக்கெடுவாரா என்று அப்போது தோன்றியது. அன்றைக்குப் பிறகு சில நாள் நானும் கூடப் போனேன்.

அவர் திரும்பிப் போய்ப் பல மாதம் கழித்து, அவர் குரலைப் பதிந்த ஒரு கெசட் வந்தது. ஒரு தரம் தவறி, இரண்டாம் தரம்தான் லைசன் கிடைத்தது என்றும் இப்போது அந்த வீட்டுக் காரை ஓட்டுவதாகவும் அதில் பேசியிருந்தார். கார்க் கதவில் சாய்ந்து நிற்கிற ஒரு படமும் வந்தது. கார் கழுவுகிறவனும் கதவில் சாயலாம். கெசட்டைப் பலமுறை திருப்பிப் போட்டுக் கேட்டேன். முன்பு பொய் சொன்ன அதே குரல்தானே? தெருவில் கேட்டவர்களுக்கு, ஓம், டிரைவர்தான் என்றேன். சொல்லும்போது கண்ணைத் தாழ்த்திக்கொள்வேன்.

அடுத்த விடுமுறையில் கூட்டாளியின் காரை இரவல் வாங்கி என்னை நற்பிட்டிமுனைக்குக் கூட்டிப் போனார். சந்தியில் காரைத் திருப்பிக் கிறுகியவர் நேரே வலப்பக்கத்தில் ஏறிவிட்டார். எதிரே பஸ். ஹோர்ன் சத்தத்தில் எனக்குக் காது அடைத்தது. அவர் கியரைத் தேடி வலது கையை வீசினார். கியர் இடது கைப் பக்கம் இருக்க, அது கதவில் போய் இடித்தது. ஒருவாறு இடப்பக்கம் ஒதுக்கி நிறுத்தினார். பஸ்காரர் ஏசிவிட்டுப் போனார்.

விரல் முட்டியில் தோல் உரிந்திருந்தது. அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தபோதுதான் முழுதாக நம்பினேன். அங்கே அந்தக் கை தினமும் அந்தப் பக்கம்தான் கியரைத் தேடியிருக்கிறது.

"மெய்யாத்தான் ஓடுறீங்க," என்றேன்.

"இவ்வளவு நாளும் நம்பலியா?" என்று கேட்டார். நான் அந்த முட்டியை முக்காட்டு நுனியால் ஒற்றினேன். அந்த விடுமுறை முழுக்க, சந்தி வந்தால் பக்கத்தில் இருந்து நான் "இடப்பக்கம்" என்பேன். அவரும் அப்படியே கிறுகுவார்.