போஞ்சிக்கு ஊற்றிய தண்ணீர்

2022 ஜூன் பத்தொன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் நான்கு மணி. அப்பாவின் தங்கையான என் அத்தை நீலக் கேனைத் தலையில் சுமந்துகொண்டு ஓடையிலிருந்து ஏறி வந்தார். எங்கள் ரப்பர்த் தோட்டத்தில் மண் சரிந்து, நாங்கள் இருந்த வரிசை வீடுகளான லயம் போன பிறகு, அரசாங்கம் கட்டிக்கொடுத்த வீடுகளில் குடியிருந்தோம். பின்சரிவைப் பொதுவில் கொத்திப் பயிரிடலாம் என்று எல்லாரையும் இணங்க வைத்தவர் அத்தைதான். நாடே கடனில் மூழ்கி, அரிசியும் மரக்கறியும் கைக்கெட்டாமல் போன மாதங்கள் அவை. பல வீடுகளில் இரவுச் சாப்பாடு வெறும் தேநீராகியிருந்தது. போஞ்சி காய்த்துவிட்டது. திங்கள் காலை வேலைக்குப் போகுமுன் பறித்துப் பங்கிட்டுக்கொள்வதாகப் பேச்சு.

கேன் ரப்பர் ஸ்டோரிலிருந்து வந்தது. ரப்பர் பாலை உறைய வைக்கும் அசிட் அதில்தான் வரும். பள்ளியை விட்ட நாளிலிருந்து அத்தைக்கு அங்கே பாலில் அசிட் கலக்கும் வேலைதான். காலிக் கேன்களை முகர்ந்து பார்த்தே பிரித்து வைப்பது ஸ்டோரின் வழக்கம். கீழ்ப்பாதையில் போன பக்கத்து வீட்டுப் பெண், "கழுவினீங்களாக்கா?" என்று கேட்டாள்.

"மோந்து பாத்துட்டேன்டி. எனக்கே பாடம் எடுக்குறியா?" என்று அத்தை சிரித்தார்.

அசிட்டுக்கு நிறமில்லை, அடியில் கிடந்ததை மழைத்தண்ணீர் என்று நினைத்திருக்கிறார். எரிபொருள் இல்லாமல் பல்கலைக்கழகம் மூடியிருந்ததால் வீட்டிலிருந்த நான், மேலே வாசலில் நின்று, அவர் சிரட்டையால் அள்ளிக் கொடிகொடியாகத் தெளிப்பதைப் பார்த்தேன். காற்று என் பக்கமிருந்து அவர் பக்கமாக வீசியது.

இப்போது அந்தச் சரிவில் இலுக்குப் புல் ஆளுயரம் நிற்கிறது. பொதுவில் எவரும் எதையும் நடுவதில்லை. கேன் எங்கள் குளியலறை மூலையில் கிடக்கிறது. யாரும் அதில் தண்ணீர் பிடிப்பதில்லை. அடுப்பில் கறி தீய்ந்தால், புகை கண்ணை எரித்த பிறகே அத்தை எழுந்து போகிறார்.

அந்தத் திங்கள் விடியலில் எல்லாரும் பைகளோடு இறங்கினார்கள். கொடிகள் கருகித் தொங்கின. காய்கள் வெந்தவை போலச் சுருண்டிருந்தன.

"பாலுன்னு நெனச்சு போஞ்சிய ஒறைய வச்சிட்டீங்களாக்கா?" என்றாள் பக்கத்து வீட்டுப் பெண். யாரும் சிரிக்கவில்லை. அவளுடைய குழந்தை பையை விரித்தபடியே நின்றது.

அத்தை கேனின் மூடியைத் திறந்து முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார். பிறகு அதை அவள் முகத்தருகே நீட்டினார். அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினாள்.

"வாடை வருதா?"

"குப்புனு வருதேக்கா."

அத்தை அடுத்தவரிடம் நீட்டினார், அவரும் விலகினார். அப்படியே ஒவ்வொருவராகக் கடந்து, கடைசியில் என்னிடம் வந்தார். நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.