படலையில் கட்டிய வேப்பிலை

பாசிக்குடா விடுதியின் பின்வாசலைத் தாண்டி நடந்துகொண்டிருந்தேன். பழைய வேலையைத் திரும்பக் கேட்கப் போயிருந்தேன். மேலாளர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "முழுசாத் தெளியட்டும், பிறகு பாப்பம்" என்றார். தழும்பு போகாது என்று டொக்டர் சொல்லியிருந்ததை நான் அவரிடம் சொல்லவில்லை. தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு வாழைச்சேனைப் பக்கம் திரும்பினேன். வெயில் பட்டால் வலது கன்னம் இப்போதும் மிளகாய் பட்டதுபோல் எரிகிறது.

முகத்தில் திடீரென்று கறுத்து நோகும் பருக்களோடு யாராவது இதை வாசித்தால், எனக்கு நடந்தது உங்களுக்கு உதவலாம்.

ஏழாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். வயல் வட்டையில் நெல் வெள்ளாமை வெட்டினேன், கொழும்பில் மூட்டை தூக்கினேன், பிறகு பாசிக்குடாவில் சுற்றுலாப் படகில் நின்றேன். உப்புக்காற்றில் முகம் கருகிப்போனது. சாப்பாட்டு மண்டபத்தில் பரிமாறிய கூட்டாளி ஒரு சின்ன டப்பாவைத் தந்தான். "இந்த மூஞ்சியோட உன்ன உள்ளுக்கு எடுக்கமாட்டாங்க மச்சான். இதப் பூசு." டப்பாவில் பெயரில்லை. பூசினேன். முகம் வெளுத்தது, மண்டபத்தில் வேலையும் கிடைத்தது.

சில மாதங்களில் டப்பா தீர்ந்தது, கடையிலும் கிடைக்கவில்லை. பூசாமல் விட்ட அந்தக் கிழமையே பருக்கள் வந்தன. வழக்கமான பரு இல்லை. கறுப்பாய், அடியில் கல் வைத்ததுபோல் இறுகி, தலையணை பட்டாலே நொந்தன. விருந்தினர்கள் பார்க்கிறார்கள் என்று விடுதியில் என்னை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். கிரானில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனேன்.

அக்கா என்னை முற்றத்திலேயே நிறுத்தினாள். "அம்மாள் முத்துப் போட்டிரிக்கா. தொடாத, சொறியாத" என்றாள். எங்கள் பக்கத்தில் அம்மை வந்தால் நோய் என்று சொல்வதில்லை, அம்மாள் வந்திருக்கிறா என்றுதான் சொல்வார்கள். அக்கா வாசல் படலையில் வேப்பிலை கட்டினாள். வீட்டில் பொரிக்கவில்லை, தாளிக்கவில்லை. எனக்கு இளநீரும் பழஞ்சோறும். மருந்து கேட்டால், "ஊசி போட்டா அவ கோவிப்பா" என்றாள்.

நானும் நம்பினேன். கிரீமைப் பற்றி யாரும் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. மூக்கோரத்தில் இருந்த ஒன்றை மட்டும் வலி தாங்காமல் நகத்தால் அமுக்கினேன். மறுநாள் இடது கன்னம் வீங்கியது. பிறகு காய்ச்சல். பிறகு இடது கண் மூடிக்கொண்டது.

அத்தான் ஓட்டோவுக்குச் சொன்னார். ஓட்டோக்காரர் தெருவிலேயே நிறுத்தினார். "படலையில வேப்பிலை கிடக்கு. எனக்குச் சின்னப் புள்ளையள் இரிக்கு" என்றார். வண்டியைத் திருப்பத் தொடங்கினார்.

அத்தான் போய் வேப்பிலையை அவிழ்த்தார். அக்கா அழுதுகொண்டு அவர் கையைப் பிடித்தாள்.

"குத்தம் வந்திரும்."

"வாற குத்தம் எனக்கு வரட்டும். அவனுக்குக் கண் போகுது புள்ள."

ஓட்டோக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் ஏற்றிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் பெண் டொக்டர் சட்டையைத் தூக்கி முதுகையும் வயிற்றையும் பார்த்தார். "உடம்பில ஒண்டுமில்லையே. மூஞ்சில என்ன பூசினீங்க தம்பி?"

சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. அந்தக் கிரீமில் ஸ்டீரொய்ட் (சிவப்பையும் வீக்கத்தையும் அடக்கும் மருந்து) கலந்திருக்கும், தோல் அதற்குப் பழகிவிட்டால் நிறுத்தியதும் இப்படிக் கிளம்பும் என்றார். நான் அமுக்கிய இடத்தில் செலுலைற்றிஸ் (தோலுக்கடியில் பரவும் கிருமித்தொற்று) வந்திருந்தது. மூக்கோரத்து இரத்தக்குழாய்கள் தலைக்குள் போகின்றன, இன்னும் பிந்தியிருந்தால் கண்ணோடு நின்றிருக்காது என்றார்.

சேலைனில் மருந்து ஏற்றினார்கள். கன்னத்தைக் கீறிச் சீழ் எடுத்தார்கள். வார்டில் காலையும் மாலையும் எனக்குப் பிரியவில்லை. கண் எவ்வளவு திறக்கிறது என்பதுதான் நாள் கணக்கு. ஒரு விடியலில் பக்கத்துக் கட்டிலின் கால் மங்கலாகத் தெரிந்தது. பார்வை மிஞ்சியது. கீறிய பக்கம் மரத்துப்போனது.

அக்கா பார்க்க வந்தாள். அவள் என் முகத்தைத் தொடவில்லை. இன்னமும் அது அம்மாள்தான் என்று நினைக்கிறாள். அத்தானுக்குத் தலையிடி வந்தாலே பயப்படுகிறாள்.

பெயரில்லாத டப்பாவைப் பூசாதீர்கள். பூசியிருந்தால் டொக்டரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள். பருவில் நகத்தை வைக்காதீர்கள்.

பாசிக்குடாவிலிருந்து நடந்த அன்று வாழைச்சேனையில் ஒரு கடை விறாந்தையில் படுத்தேன். விடிந்ததும் மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் இருந்த ஐஸ் வாடிக்கு, மீனுக்கு ஐஸ் அரைக்கும் கொட்டகைக்கு, வேலை கேட்டுப் போனேன். மேற்பார்வைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மூஞ்சில என்ன, அம்மாளா?"

"இல்ல அண்ணே, கிரீம்."

"பொண் பாக்கப் போறதுக்குப் பூசின நீயாக்கும்." சிரித்துவிட்டு என் கைகளைப் பார்த்தார். "சரி வா. உள்ளுக்கு வெயில் இல்ல."

ஐஸ்கட்டிகளைக் கொக்கியால் இழுத்து அரைக்கும் பொறிக்குள் தள்ளும் வேலை. ஐஸ்தூள் முகமெல்லாம் தெறித்தது. வலது கன்னத்தில் விழுந்தது உடனே குளிர்ந்தது. இடது கன்னத்தில் விழுந்தது தெரியவில்லை. அது உருகித் தாடைக்கு வழிந்து கழுத்தைத் தொட்ட பிறகுதான் தெரிந்தது. கையால் துடைத்துவிட்டு அடுத்த கட்டியை இழுத்தேன்.