அண்ணனின் கோல்ஃப் புத்தகங்களும் என் பொறாமையும்

எங்கள் அண்ணன் மம்சாபுரத்தில் பிறந்தார். கடலைச் செடிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்த பருவம் என்று அம்மா சொல்வார். அப்பாவுக்குக் கிணற்றுப் பாசனத்தில் கொஞ்சம் நிலம். மழை தவறிய வருடங்களில் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை வைத்துவிட்டு மண்வெட்டியோடு தண்ணீர் பாய்ச்சப் போவது அண்ணன்தான். நான் படிக்கிற பிள்ளை என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு அண்ணன் ராணுவத்தில் சேர்ந்தார். அவர் அனுப்பிய சம்பளத்தில்தான் நான் கல்லூரிக்குப் போய், வங்கி வேலைக்கு வந்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடு கட்டினேன். இவ்வளவுக்குப் பிறகும் நான் அண்ணன்மேல் பொறாமைப்பட்டேன். இது அண்ணனின் நினைவு மலரில் எழுத வேண்டியதா என்று சிலர் கேட்கலாம். அதை விட்டுவிட்டு எழுதினால் அது வேறு யாரோ ஒருவருடைய தம்பி எழுதியதாக இருக்கும்.

பதினாறாம் நாள் விசேஷத்துக்கு வந்த உறவினர்கள் பலரும் அண்ணனின் அலமாரியைப் பார்த்துவிட்டு ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். அலமாரி நிறைய ஆங்கிலத்தில் கோல்ஃப் கற்றுத்தரும் புத்தகங்கள். “இதப் படிச்சா நெசமாவே பந்து குழியில விழுமா?” என்று கேட்டார்கள். அன்று பந்தி கவனிக்கப் போய்விட்டேன். இப்போது சொல்கிறேன்.

அண்ணன் பணிபுரிந்த ஒரு முகாமில் அதிகாரிகளுக்குக் கோல்ஃப் மைதானம் இருந்தது. புல்லைப் பராமரிக்கும் குழுவில் அண்ணனைப் போட்டார்கள். விடியற்காலையில் சிப்பாய்களும் ஆடிக்கொள்ளலாம். வேறு ஊருக்கு மாற்றலாகிப் போன அதிகாரி ஒருவர் தம்மிடமிருந்த புத்தகத்தை அண்ணனிடம் கொடுத்துவிட்டுப் போனார். அகராதியை வைத்துக்கொண்டு அதை அண்ணன் படித்து முடித்தார். அவர் ஆங்கிலம் கற்றதும் அப்படித்தான்.

சுபேதாராக ஓய்வு பெற்று வந்தவர் ராஜபாளையத்தில் ஒரு மில்லில் பாதுகாப்பு மேற்பார்வையாளராக இருந்தார். மம்சாபுரம் வீட்டுக்குப் பின்னால் எங்கள் நெற்களம், அறுவடை மிஷின் வந்த பிறகு சும்மா கிடந்தது. அண்ணன் கண்மாய்க் கரம்பை மண் அடித்து, சாணம் போட்டு மெழுகி, நடுவில் பால்பவுடர் டப்பா ஒன்றைப் புதைத்தார். அதுதான் குழி. நூறு கஜம், இருநூறு கஜம் அடிப்பதற்கு நம் பக்கம் இடமில்லை. பந்தைத் தரையோடு உருட்டிக் குழியில் போடுவதும், சற்றுத் தள்ளி நின்று சின்னதாகத் தூக்கிப் போடுவதும்தான் அண்ணனின் ஆட்டம். பட்டிங், சிப்பிங் என்பார்கள். வரப்புக்கு அந்தப்புறம் நின்று ஓலைக் கடகப்பெட்டிக்குள் பந்தைப் போடுவார். பார்க்கிறவர்களுக்கு ஏதோ கை வித்தைபோல இருக்கும்.

“அண்ணே, பொஸ்தகம் பூராம் புல்லப் பத்தியில்ல எழுதியிருக்கான்? இங்க ஏது புல்லு?” என்று ஒருமுறை கேட்டேன்.

“புல்லுனு இருக்க எடத்துல எல்லாம் நான் சாணினு வாசிச்சுக்கிடுவேம்லே” என்றார்.

மதினி புறவாசலிலிருந்தே, “ஆமா கொழுந்தனாரே, அவிய எம்மூஞ்சியப் பாத்ததவிட அந்த டப்பாவப் பாத்ததுதான் சாஸ்தி” என்பார். அண்ணன் அதற்கும் சிரிப்பார். பிள்ளை இல்லாத வீடு என்று யாரும் சொல்ல முடியாதபடி அந்த வீட்டில் எப்போதும் சிரிப்பு இருந்தது. அதற்கும் நான் பொறாமைப்பட்டிருக்கிறேன். என் வீட்டில் பள்ளிக் கட்டணம், மாப்பிள்ளை, ரத்த அழுத்தம் என்று கவலைதான் பேச்சு.

என் மகள் பூரணி கோயம்புத்தூரில் படிக்கிறாள். விடுதியிலிருந்து எனக்குப் பேசினால் “சாப்பிட்டேன்பா, வைக்கிறேன்பா” என்பதோடு சரி. பெரியப்பாவிடம் பேசினால் போன் சூடாகும்வரை பேசுவாள். பழைய புத்தகக் கடைகளில் தேடி அண்ணனுக்குக் கோல்ஃப் புத்தகம் வாங்கி வருவாள். எனக்குச் சட்டை வாங்கி வருவாள். நல்ல சட்டைதான். ஆனால் சட்டையைப் பற்றி அவளும் நானும் எவ்வளவு நேரம் பேச முடியும்?

இப்படித்தான் நானும் மட்டையைக் கையில் எடுத்தேன். ஆடிப்பூரத் தேர் பார்க்க அண்ணனும் மதினியும் ஸ்ரீவில்லிபுத்தூர் வருவார்கள். தேர் பார்த்துவிட்டு எல்லாரும் மம்சாபுரம் போய்ச் சாப்பிடுவோம். சாயங்காலம் களத்தில் அண்ணனுக்கும் எனக்கும் போட்டி. ஒரு வருடமாவது அண்ணனை ஜெயிக்க வேண்டும் என்பது எனக்குள் ஒரு வெறியாகவே வளர்ந்தது. தோற்ற ஒவ்வொரு முறையும் பூரணி பெரியப்பாவின் தோளில் தொங்கிக்கொண்டு நிற்பதைப் பார்ப்பேன்.

அண்ணன் படித்த அதே புத்தகங்களை நானும் தருவித்தேன். விடுமுறையெல்லாம் உட்கார்ந்து ஒட்டுமொத்தமாகப் படித்தேன். ஒருவர் மணிக்கட்டை அசைக்காதே என்றார். இன்னொருவர் மணிக்கட்டைத் தளர்த்து என்றார். ஒருவர் மூச்சை அடக்கு என்றார், ஒருவர் விடு என்றார். எல்லாவற்றையும் மண்டையில் ஏற்றிக்கொண்டு மொட்டைமாடியில் பயிற்சி செய்தேன். சிமெண்டுத் தளத்தில் தொட்டாலே பந்து ஓடும். என் மனைவி காயப்போட்ட கூழ்வற்றலுக்குள் போய் ஒட்டிக்கொள்ளும். அப்படி மெல்லத் தட்டியே பழகிக்கொண்டு போய் மெழுகிய களத்தில் நின்றால், என் பந்து ஒன்றுகூடக் குழிவரை போய்ச் சேரவில்லை.

“எத்தன பொஸ்தகம்லே படிச்ச?” என்றார் அண்ணன்.

“எல்லாந்தான்.”

“ஒரு பொஸ்தகத்துல ஒரு விசயந்தாம்லே எடுக்கணும். அத அடுத்த ஆடிப்பூரம் வரைக்கும் செஞ்சு பாக்கணும். அம்புட்டையும் ஒண்ணா முழுங்குனா வயித்தாலதான் போகும்.”

அவர் அப்படித்தான் படித்தார். அவருடைய ஆட்டத்தை இத்தனை வருடம் பொறாமையோடு கூர்ந்து பார்த்தவன் என்பதால், புத்தகம் எதில் உதவியது என்று சொல்லும் தகுதி எனக்கு உண்டு. பந்து எவ்வளவு தூரம் உருள வேண்டும் என்பதைப் புத்தகம் கற்றுத்தரவில்லை. அது கைக்கும் தரைக்கும் உள்ள பழக்கம். தரையின் வாட்டம் பார்ப்பதற்குப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். பாத்தியில் தண்ணீர் கட்டிய அண்ணனுக்கு அது முன்பே தெரியும். தண்ணீர் சாயும் பக்கம் பந்தும் சாயும். ஆனால் சின்னதாகத் தூக்கிப் போடும் அடியில் புத்தகம்தான் அவரை மாற்றியது. முன்பெல்லாம் கரண்டியால் அள்ளுவதுபோல மட்டையால் பந்தை அள்ளப் பார்ப்பார், பந்து தரையோடு ஓடிவிடும். முன்காலில் பாரத்தை வைத்துக் கீழ்நோக்கி அடி, பந்து தானாக எழும்பும் என்று ஒரு புத்தகத்தில் இருந்தது. நம்ப முடியாத யோசனை. அண்ணன் நம்பினார். ஒரு வருடம் அதை மட்டும் செய்தார். அதன் பிறகுதான் கடகப்பெட்டிக்குள் பந்து விழத் தொடங்கியது.

இன்னொன்றும் உண்டு. குழியை நோக்கிப் பந்தை உருட்டியதும் தலையைத் தூக்கிப் பார்க்காதே, பந்து விழும் சத்தத்தைக் காதால் கேள் என்பது. கிட்டத்தட்ட எல்லாப் புத்தகத்திலும் இது இருக்கிறது. நானும் படித்தேன், எழுத்துப் பிசகாமல் சொல்வேன். செய்யத்தான் முடியவில்லை.

அண்ணன் இருந்த கடைசி ஆடிப்பூரத்தன்று போட்டி சமமாக வந்து நின்றது. அண்ணனின் கடைசிப் பந்து டப்பாவின் விளிம்பில் சுற்றிக்கொண்டு வெளியே போய்விட்டது. என் பந்து குழிக்குப் பக்கத்தில்தான் கிடந்தது. சேத்தூரிலிருந்து வந்திருந்த அண்ணனின் ராணுவ நண்பர், “சுபேதார், தம்பி இன்னைக்கு ஒங்களக் கவுத்துருவாக போல” என்றார். குனிந்து மட்டையைப் பந்தருகே வைத்தேன். உருட்டினேன். உருட்டும்போதே தலை எழும்பிவிட்டது. பந்து டப்பாவை உரசிக்கொண்டு போயிற்று.

அண்ணன் பந்தை எடுத்து வந்து என் கையில் வைத்தார். “ஏலே, குழி எங்கயும் ஓடிப்போகாதுலே. அத ஏன் பாக்க?”

திரும்பி வரும்போது காரில் பூரணி சொன்னாள்: “அப்பா, நீங்க குழியப் பாக்கத் தலையத் தூக்கல. பெரியப்பா மூஞ்சியப் பாக்கத்தான் தூக்குனீக.”

அவள் சொன்னது சரிதான். பந்து விழுவதைவிட, அது விழும்போது அண்ணன் முகம் எப்படி மாறுகிறது என்று பார்ப்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

ஐப்பசியில் ஒரு காலை நேரம், அண்ணன் களத்தில் மட்டையோடு கீழே விழுந்து கிடந்தார். மதினி அடுக்களை ஜன்னல் வழியே பார்த்திருக்கிறார். “எப்பவும் போலக் குனிஞ்சு வாட்டம் பாக்காகனு நெனச்சுட்டேன் கொழுந்தனாரே. காப்பி ஆறிரும்னு மூடி வச்சேன்” என்றார். இன்றும் மதினி அந்த டம்ளரைப் புழங்குவதில்லை. அது அவர் குற்றமே இல்லை என்பதை இந்த மலர் மூலமாகவும் எழுதி வைக்கிறேன். இருதயம் நின்றது நொடியில் என்று டாக்டரும் சொன்னார்.

பூரணி வந்து இறங்கியதும் மதினியின் மடியில் விழுந்து அழுதாள். என்னிடம் வரவில்லை. அந்த நேரத்திலும் என் மனம் அதைக் கவனித்தது.

கொள்ளி வைக்கும் உரிமை தம்பியான எனக்கு வந்தது. தோளில் நீர்க்குடத்தோடு அண்ணனைச் சுற்றி வந்தேன். சடங்கு செய்தவர், “கொடத்தப் பின்னால போடுங்க. எது கேட்டாலும் திரும்பிப் பாக்கக் கூடாது” என்றார். குடத்தை விட்டேன். என் முதுகுக்குப் பின்னால் அது விழுந்து உடைந்தது. காதால் கேட்டேன். சிதைக்கு முதுகைக் காட்டியபடியே கொள்ளியை வைத்துவிட்டு நடந்தேன். என் கழுத்து நரம்பெல்லாம் அந்த முகத்தைப் பார்க்க இழுத்தது. பார்க்கவில்லை. அத்தனை புத்தகம் படித்தும் வராத பாடம் அன்று வந்தது.

துக்கத்தின்போது வீட்டு வாசலை ஆளில்லாமல் விடாத மம்சாபுரம் உறவினர்களுக்கும், பந்தலையும் சாப்பாட்டையும் தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொண்ட மில் தொழிலாளர்களுக்கும், தேசியக் கொடியை மடித்து மதினி கையில் கொடுத்துவிட்டுக் கூடவே உட்கார்ந்து அழுத சேத்தூர் நண்பருக்கும், மதினிக்கு இன்றுவரை துணையாக இருக்கும் பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. மகள் போனை எடுக்கத் தாமதித்தால் இப்போது விடாமல் மறுபடி மறுபடி அழைக்கிறேன். அது தெரிந்து, வகுப்பு முடிந்ததும் தானாகவே அழைக்கும் பூரணிக்கும் நன்றி.

முதலாம் ஆண்டு நினைவு நாளில் அண்ணனின் புத்தகங்கள் களத்தோரம் மேசையில் இருக்கும். விரும்புகிறவர்கள் எடுத்துச் செல்லலாம். ஆளுக்கு ஒன்று, ஒன்றிலிருந்து ஒரு விஷயம். அண்ணன் போட்ட சட்டம் அது. மட்டையைப் பூரணி கேட்டாள். தரவில்லை. பெரியப்பாவின் பாதியை அவள் முன்பே எடுத்துக்கொண்டாள், இது எனக்கு வேண்டும்.

களத்தை மதினி இப்போதும் மெழுகி வைக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் போய் உருட்டுகிறேன். தலை எழும்புவதில்லை. டப்பாவில் பந்து விழும் சத்தம் கேட்கிறது, அடிக்கடி கேட்கிறது. அண்ணே, இந்த ஒன்றில் நான் தேறிவிட்டேன். நீங்கள் பார்க்கவில்லையே என்பதுதான் எனக்கு ஆறவில்லை.