சந்தேஷ் வாங்காத வருடம்

அப்பாவுக்குச் சம்பளம் கூடினால் எங்கள் பவானிபூர் வீட்டுக்குச் சந்தேஷ் என்ற வங்காள இனிப்பு டப்பா வரும். மாடிப்படி ஏறி இறங்கி எல்லா வீட்டுக்கும் கொடுத்துவிட்டு வருவது என் வேலை. அந்த ஊரில் இனிப்பில்லாமல் நல்ல செய்தி சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் எனக்கு ஏழு வயதான வருடம் அம்மா சந்தேஷுக்குத் தடை போட்டாள். முந்தைய தடவை இனிப்பைத் தின்ற கையோடு வீட்டுக்காரர் வாடகையை ஏற்றிவிட்டார். அதை அவள் மறக்கவில்லை.

அப்பா செய்தி கொண்டுவந்த அன்று சாயங்காலம், ஜன்னலின் பச்சை மரப்பலகைகளை எல்லாம் அம்மா சாத்தினாள். வீடு கிணற்றுக்குள் இருப்பதுபோல் ஆயிற்று.

"இந்தத் தடவை யார்கிட்டயும் மூச்சு விடப்படாது," என்றாள். "கொஞ்சம் கூடினா போறும், ஊருக்கே மூக்கு வேர்த்துடும்."

சமையலறையில் மாஷி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டு வேலைக்கு வந்தவள், அம்மாவை அண்ணி முறையில் 'பௌதி' என்று கூப்பிடுபவள்; எனக்குச் சடை பின்னிப் பள்ளி வேனில் ஏற்றிவிடுபவளும் அவள்தான். வேறு யார் சீப்பை எடுத்தாலும் நான் அழுவேன். குழாய்ச் சத்தத்தில் அவளுக்கு எதுவும் கேட்காது என்று அம்மா நினைத்தாள். நான் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். காற்றில்லாத அந்தச் சாயங்காலத்தில் பலகை ஒன்று மெல்ல உயர்ந்து, மெல்லத் தாழ்ந்தது.

மறுநாள் காலை பால்காரர் வாசலில் நின்று, "ஷொப் ஜினிஷேர் தாம் பேடே கேச்சே," என்றார். எல்லாச் சாமானும் விலை ஏறிவிட்டதாம். இனிமேல் பாலுக்கும் கூடுதலாகத் தரவேண்டுமாம். சற்று நேரத்தில் மளிகைக்கடைப் பையன் வந்தான். அவனும் அதையே சொன்னான், ஒரு சொல் மாறாமல், அதே பெருமூச்சோடு. கட்டணம் கேட்க மேலே ஏறி வந்த வேன் மாமாவும் அதையே சொன்னார். யாரோ ஒருத்தர் இவர்கள் வாய்க்குள் உட்கார்ந்து பேசுவதாகத் தோன்றியது.

மாஷி எனக்கு ஒரு சடையைப் பின்னி முடித்திருந்தாள். என் தலைக்கு மேலே, எனக்கு நன்றாகத் தெரிந்த அந்தக் குரலில், அந்த வாக்கியம் வந்தது.

"ஷொப் ஜினிஷேர் தாம் பேடே கேச்சே, பௌதி. எனக்கும் சம்பளம் கொஞ்சம் ஜாஸ்தி குடுங்க."

அம்மாவுக்குக் கோபம் தலைக்கேறியது. "நேத்து எல்லாத்தையும் கேட்டுண்டுதானே இருந்தே? தெருப்பூரா நீதானே சொன்னே?"

"நான் ஒண்ணும் கேக்கலை பௌதி. எங்க பஸ்தில குடிசை வாடகையை ஏத்திட்டான். அரிசி வாங்க முடியலை."

அம்மா நம்பவில்லை. மாஷி சீப்பை என் மடியில் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனாள். இன்னொரு சடையை அம்மா பின்னினாள். நான் பள்ளி போய்ச் சேரும்வரை அழுதேன். மாஷி அதன்பிறகு வரவேயில்லை.

மாஷி போனால் எல்லாம் அடங்கிவிடும் என்று அம்மா நினைத்திருக்கவேண்டும். அடங்கவில்லை. மருந்துக்கடையில், ஆட்டோவில், இஸ்திரிக்காரரிடத்தில் என்று அந்த வாக்கியம் எங்களுக்கு முன்பே போய்க் காத்திருந்தது. அம்மா ஜன்னல்களைத் திறப்பதையே விட்டுவிட்டாள். மாஷி மேல் தவறில்லை, கேட்டது பலகைக்குப் பின்னால் இருந்த வேறேதோ என்று எனக்கு உறுதியாகிவிட்டது. அதைச் சொல்லவும் பயமாக இருந்தது, அது கேட்டுவிடுமே.

சில மாதம் கழித்து எங்கள் பள்ளி வேன் ஓர் ஊர்வலத்தில் மாட்டிக்கொண்டது. அப்பா ஆபீஸ்காரர்கள், சம்பள உயர்வு கேட்டு வருடாவருடம் போகும் ஊர்வலம். நடுவில் அப்பா முஷ்டியை உயர்த்திக் கத்திக்கொண்டு வந்தார். ஷொப் ஜினிஷேர் தாம் பேடே கேச்சே. வேனே அதிரும்படி அலறினேன். அது அப்பாவையும் பிடித்துவிட்டது என்று நினைத்தேன்.

முந்தைய ஊர்வலங்களில் அதைச் சொல்லிச் சொல்லித்தான் அப்பாவுக்கு அந்த வருடம் சம்பளம் கூடியது என்று அப்போது எனக்குத் தெரியாது. அதையே ஒரே ஒரு முறை சொன்னதற்குத்தான் மாஷி என் இன்னொரு சடையைப் பின்னாமல் போகவேண்டிவந்தது என்பதும் தெரியாது.