நான்காம் வசனத்துக்குக் காத்திருப்பவர்கள்

ஞாயிறு, காலை ஒன்பது பத்து. மலேசியாவின் சிம்பாங் ரெங்கம் அருகே செம்பனைத் தோட்டத்துச் சிறு தேவாலயம். இங்கே பைபிளின் இருபத்துமூன்றாம் சங்கீதத்தைப் பாடியே மனப்பாடம் செய்கிறார்கள். ஒரு வசனம் ஒரு குடும்பத்துக்கு. மூன்றாம் வசனம் முடிந்ததும் பாட்டு நிற்கிறது. மின்விசிறிச் சத்தம் மட்டும். எல்லா உதடுகளும் அடுத்த வசனத்துக்குக் குரலின்றி அசைகின்றன.

"நாலாவது சூசை அண்ணனோடது. போன மாசம் இறந்துட்டாரு," என்கிறார் பக்கத்திலிருக்கும் ஸ்டெல்லா அக்கா. "அவரு மனைவிக்குப் படிக்கத் தெரியாது. இன்னைக்கும் பாடலன்னா வேற வீட்டுக்குக் கொடுத்துருவாங்க லா."

முன்வரிசையில் அந்த மனைவி எழுகிறார். மரணப் பள்ளத்தாக்கைச் சொல்லும் வசனம் பிசகாமல் வருகிறது. பாதியில் இரண்டு முறை இருமிவிட்டுத் தொடர்கிறார்.

ஸ்டெல்லா அக்கா என் மணிக்கட்டைப் பிடிக்கிறார்.

"அவங்களுக்கு இருமலே இல்ல. அண்ணன்தான் அந்த இடத்துல இருமுவாரு."