சைக்கிளில் ஓடும் டாங்கோ

ஊர்காவற்றுறை இறங்குதுறைக்கு எதிரே ஒரு தேத்தண்ணிக் கடை. காரைநகர் படகுக்காகக் காத்திருக்கிறேன். கையிலிருக்கும் சஞ்சிகையில் ஒரு சினிமா விமர்சனம். புருசனும் பெண்சாதியும் சண்டை பிடிக்கும் காட்சி டாங்கோவாம். அவர்கள் பேசாமல் இருக்கும் காட்சியும் டாங்கோவாம். ஒரு முறையாவது அந்த இசையைக் கேட்டுவிட்டு எழுதித் தொலைத்திருக்கலாம். எரிச்சலோடு மூடி வைக்கிறேன்.

யுத்தத்தால் மின்சாரம் இல்லை, தடையால் பற்றரியும் இல்லை. கடைக்கார அக்கா, ஸ்ராண்டில் நிறுத்திய சைக்கிளில் ஏறி மிதிக்கிறார். டைனமோவில் கசெற் ஓடுகிறது. பாரிஸிலிருந்து மகன் கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பியது. குளிராம், வேலை பரவாயில்லையாம். திடீரென்று அவன் குரல் நின்று, வயலினும் அக்கோடியனும் பாய்ந்து வருகின்றன.

"இதுதான் டாங்கோ," என்கிறார் அக்காவின் கணவர். "நான் கப்பலில வேலை செய்யேக்க வாங்கின கசெற். இதைப் போட்டுத்தான் இவவுக்கு ஆடப் பழக்கினனான்."

"என்ர காலை மிதிச்சதுதான் மிச்சம்," என்கிறார் அக்கா.

"பெடியன் இந்தக் கசெற்றை அங்க கொண்டுபோய், பாட்டுக்கு மேலயே பேசிப் பதிஞ்சுபோட்டான்."

அக்காவுக்கு மூச்சு வாங்குகிறது. மிதி தளரத் தளர, இசையும் தடித்து இழுபடுகிறது.

"மகன் பேசி முடிஞ்சுது தானே, இறங்குங்கோவன் அக்கா," என்கிறேன்.

"போன கசெற்றில கடைசியா 'வாறன் அம்மா' எண்டு சொன்னவன். இதில இன்னும் சொல்லேல்லை."

படகுக்காரர் கூப்பிடுகிறார். எனக்கு எழும்ப மனம் வரவில்லை. கசெற்றில் இன்னும் கொஞ்ச நாடாதான் மிச்சம்.